பதினோராவது ம்

செண்பகவல்லி செய்த இணையப் பக்கத்தில் பொத்தான் என்று மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. அதற்காகத்தான் அவளுக்கு விருது கொடுத்தார்கள். 'உலகின் மிக எளிய பக்கம்' என்று பொறித்த கண்ணாடிக் கோப்பை. கோவில்பட்டியில் அவள் வைத்திருந்த சின்ன அலுவலகத்தில், உள்ளே நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படும் இடமாகப் பார்த்து அதை வைத்திருந்தாள். வந்தவர் கவனிக்கவில்லையென்றால் தூசி தட்டுகிற சாக்கில் எடுத்து ஒருமுறை துடைப்பாள். அடக்கத்துக்கு அவளிடம் கொஞ்சம் தட்டுப்பாடு இருந்தது. வேலையில் கெட்டிக்காரி என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பக்கத்தை அவள் செய்து கொடுத்தது 'வெண்தரை' என்ற நிறுவனத்துக்கு. நிலாவின் தென்முனையில் பனியை வெட்டி உருக்கி, இருநூற்று நாற்பது பேர் குடியிருக்கும் ஒரு குடியிருப்பை நடத்திவந்த நிறுவனம் அது. மேலே வேலைக்கு ஆள் எடுக்க அவர்களுக்கு ஒரு பக்கம் வேண்டியிருந்தது. செண்பகம் செய்து கொடுத்த பக்கம் படிக்கச் சொல்லாது, எழுதச் சொல்லாது. திறந்தால் இனிமையான குரலில் பேசும், வேலைக்கு ஏற்ற படத்தைக் காட்டும், கேள்வி கேட்கும், நாம் வாயால் பதில் சொன்னால் போதும். பேசி முடிக்கும்போது விண்ணப்பமும் முடிந்திருக்கும்.

கல்லூரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், எது முக்கியமோ அது முதலில் கண்ணில் பட வேண்டும், மூன்று அழுத்தலுக்குள் வந்த காரியம் முடிய வேண்டும், வந்தவர் எந்த இடத்தில் நின்றாலும் திரும்பிப் போகிற வழி தெரிய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள். வேலைக்கு வந்தபிறகு மூன்று அழுத்தலை இரண்டாக்கினாள். இரண்டை ஒன்றாக்கினாள். கடைசியில் அந்த ஒன்றையும் தூக்கினாள். அதோடு சேர்ந்து திரும்பிப் போகிற வழியும் காணாமல் போனதை அவளும் கவனிக்கவில்லை, விருது கொடுத்தவர்களும் கவனிக்கவில்லை.

பத்தாம் தேதி காலையில் அண்ணாச்சி சங்கரநயினார் அவள் அலுவலகத்துக்குள் வந்தார். ஐம்பத்து நான்கு வயது, கழுத்தில் விசில். ஊரில் ஹாக்கி ஆட்டம் என்றால் நடுவர் அவர்தான். வேறு என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வரும். செண்பகத்துக்கு அடுத்த தெருக்காரர். வந்தவர் கண்ணாடிக் கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செல்போனை மேஜையில் வைத்தார்.

"ஏந் தாயி, நிலாவுக்குப் போற ராக்கெட்ல எனக்கு எதுக்கு இடம் போட்டிருக்க?"

செண்பகம் படித்தாள். 'வாழ்த்துகள் திரு. சங்கரநயினார். தங்களுடைய மனமார்ந்த சம்மதத்துக்கு நன்றி. நிலாக் குடியிருப்பின் தண்ணீர் விநியோகப் பணிக்குத் தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். புறப்பாடு பத்தொன்பதாம் தேதி. பணிக்காலம் இரண்டு வருடம்.'

"நீங்க சம்மதம் சொன்னதா இருக்கே அண்ணாச்சி."

"நான் எப்பச் சொன்னேன்? எங்க வீட்டுக் குழாய எந்தப் பக்கம் திருகினா தண்ணி வரும்னு எனக்குத் தெரியாது. இதுல நிலாவுக்குத் தண்ணி விடப் போறேனாக்கும்!"

"அப்ப போகாம இருந்துருங்க."

"கீழ இருக்கிற சின்ன எழுத்த நீ படிக்கல." அவர் குரல் இறங்கிவிட்டது. "சம்மதஞ் சொல்லிட்டு வராம இருந்தா, மூணு வருஷத்துக்கு எந்தப் பொதுப் பொறுப்புலயும் இருக்கக் கூடாதாம். விண்பணிச் சட்டமாம். விசிலும் அதுல அடக்கம். இருபத்திரண்டாம் தேதி நம்ம ஊர் மைதானத்துல அகில இந்தியப் போட்டி பைனல் தாயி. பத்தொம்பது வருஷமா கேட்டுக் கேட்டு, இந்த வருஷந்தான் எனக்கு பைனல் குடுத்திருக்காக."

அது ஊருக்கே தெரிந்த விஷயம். தேதி சொன்ன அன்றே அவர் சட்டைக்குப் புதுப் பொத்தான் தைத்து வைத்துவிட்டார். போனால் பைனல் போச்சு, போகாவிட்டால் விசிலே போச்சு. நடுவில் மனுஷனுக்கு இருப்பது ஒன்பது நாள்.

"பதிவு இருக்கும் அண்ணாச்சி. கேட்டுப் பாப்போம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பதிவில் முதலில் கேட்டது அண்ணாச்சியின் குரல்தான். திருச்சி அணிக்கும் மதுரை அணிக்கும் நடந்த ஆட்டத்தில் ஒரு பெனால்டி கார்னரை ஏன் கொடுத்தார், ஏன் அதைக் கொடுக்காமல் இருந்திருக்க முடியாது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு நடுவே பக்கத்தின் இனிமையான குரல் நுழைந்தது. "வணக்கம். தண்ணீர் விநியோகத்தில் உங்களுக்கு அனுபவம் உண்டா?"

"பந்து அவன் காலுல பட்டுச்சு, நான் என் கண்ணால பாத்தேன்," என்றது அண்ணாச்சியின் குரல்.

"ம்," என்றது இன்னொரு குரல்.

"நன்றி. வால்வு, மோட்டார், குழாய் இணைப்பு ஆகியவற்றைப் பழுது பார்ப்பீர்களா?"

"அவன் படலைங்கான். படலைன்னா சத்தம் எப்படிக் கேக்கும்?"

"ம்."

இப்படியே போனது. அண்ணாச்சி ஆட்டத்தைச் சொன்னார், பக்கம் கேள்வி கேட்டது, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ம்' விழுந்தது. இரண்டாம் பாதி தொடங்கும் இடத்தில் அண்ணாச்சியின் பேச்சு நின்றது. தூரத்தில் குடத்தில் டம்ளர் மோதும் சத்தம். பிறகு பக்கம் கேட்டது: "மேலே இரண்டு வருடம் தங்கிப் பணி செய்யச் சம்மதமா?"

"ம்."

"நன்றி. உங்கள் விண்ணப்பம் முடிந்தது." அப்புறம் அண்ணாச்சி திரும்பி வந்து இரண்டாம் பாதியை ஆரம்பித்தார்.

செண்பகம் எண்ணிப் பார்த்தாள். பதினோரு கேள்வி, பதினோரு ம்.

"இது நம்ம பேச்சி குரலு!" என்றார் அண்ணாச்சி. "எம் பொண்டாட்டி! அவ எனக்கு உம் கொட்டிக்கிட்டு இருந்திருக்கா!"

பேச்சியம்மாள் அவருடைய மனைவி. பெயர்தான் பேச்சியம்மாள். கல்யாணமான இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் பேச்செல்லாம் அண்ணாச்சியுடையது, உம் கொட்டுவது மட்டும் அவளுடையது. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை. முறை வைத்து ஒவ்வொரு தெருவுக்கும் வால்வைத் திறந்து தண்ணீர் விடுகிறவள். தோளில் நீளமான வால்வுச் சாவியோடு அவள் நடந்து வருவதைக் கண்டால் தெருவில் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும்.

செண்பகம் அவளைப் போனில் கூப்பிட்டாள். "மதினி, வெண்தரைப் பக்கத்த நீங்க தொறந்தீங்களா?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பியிருந்தாக. தொறந்து வச்சேன். போனு அவரு பேருல உள்ளது."

"அதுல ம், ம்னு கேக்குதே, அது உங்க குரல்தானே?"

"ம்," என்றாள் பேச்சியம்மாள். வேலையில் இருந்தவள், போனை வைத்துவிட்டாள்.

ஆக, கணவனுக்குக் கொட்டிய உம் எல்லாவற்றையும் இணையப் பக்கம் தனக்கென்று எடுத்துக்கொண்டது. போனின் பெயரைப் பார்த்துக் கணவனை நிலாவுக்கு அனுப்பிவிட்டது. இதில் மெஷினைக் குறை சொல்ல செண்பகத்தால் முடியவில்லை. எந்தெந்தச் சொல் வந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என ஒரு பட்டியல் கேட்டார்கள். 'ஆமாம், சரி, ஆகட்டும், ஓகே, உம், ம்' என்று தன் கையால் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். பிறந்ததிலிருந்து உம் கொட்டி வளர்ந்தவள், உம் என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

"தப்பு என்னுது அண்ணாச்சி," என்றாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. "நானே சரி பண்ணுதேன்."

வெண்தரை நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவுக்கு மேலாளர் பெர்னதத் மச்சாது. தூத்துக்குடிக்கார அம்மாள். கறாரான ஆள் என்று பெயர். மதியம் செண்பகம் அவரைத் திரையில் பிடித்தாள். அண்ணாச்சி பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தடவை மேலே போறது பன்னெண்டு பேர்," என்றார் பெர்னதத். "பன்னெண்டு பேரோட சம்மதமும் பதிவுல இருக்கு. நீங்க செஞ்சு குடுத்த பக்கம், நீங்க எழுதிக் குடுத்த பட்டியல். இப்ப வந்து அது சம்மதம் இல்லேன்னா எப்படி?"

"அதுல எத்தனை பேரு வாயத் தொறந்து ஆமான்னாங்க மேடம்?"

"ம்னாலும் ஆமாம்தானே?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா," என்று அண்ணாச்சி குறுக்கே புகுந்தார். "நான் ஆட்டக்காரன்ட்ட, 'காலுல பட்டுச்சுல்ல?'ன்னு கேட்டா, 'ம்?'ம்பான். என்ன கேட்டீகன்னு அர்த்தம். 'ம்ஹும்'ன்னா படல. 'ம்ம்ம்'னு இழுத்தா, பட்டுச்சு ஆனா ஒத்துக்க மாட்டேன். 'ம்க்கும்'னா..."

"'ம்க்கும்'னா நீங்க சொல்லி நான் நம்பணுமாக்கும்னு அர்த்தம்," என்றாள் செண்பகம். "உங்க பன்னெண்டு பேருல ஒருத்தரு கடைசிக் கேள்விக்கு ம்க்கும்னு சொல்லியிருக்காரு மேடம். பக்கம் அதை ரெண்டு சம்மதமா எடுத்து அவரை முதல் ஆளாப் போட்டிருக்கு."

பெர்னதத்தின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. "எனக்கு வேற ஒரு கவலை இருக்கு. மேலே தண்ணியப் பாத்துக்கிட்டு இசக்கிராஜ்னு ஒருத்தர் இருக்கார். அவர் காலம் முடிஞ்சு எட்டு மாசமாச்சு. மாத்து ஆள் வராம அவரை எறக்க முடியாது. இந்த ராக்கெட்டை விட்டா அடுத்தது பதினாலு மாசம் கழிச்சுத்தான். அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். செண்பகம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "நடந்ததை ஒரு தடவை முழுசாச் சொல்லட்டுமா மேடம்?"

"சொல்லுங்க, கேக்குறேன்."

"ஆறு மாசம் முன்னால பக்கத்தைத் தொறந்து விட்டோம்."

"ம்."

"ஆயிரத்து நானூறு பேரு வந்தாங்க."

"ம்."

"அதுல பாதிப் பேரு விண்ணப்பம் போட்டது அவங்களுக்கே தெரியாது."

"ம்."

"அதனால நாளைக்கே நீங்க தூத்துக்குடியில இருந்து கெளம்பி வந்து, எங்க ஆபீஸ்ல உக்காந்து, அந்த ஆயிரத்து நானூறு பதிவையும் ஒண்ணு விடாம காதால கேக்கணும்."

"ம்."

"உங்கள் சம்மதம் பதிவாகிவிட்டது. நன்றி," என்றாள் செண்பகம், தன் பக்கத்தின் அதே இனிமையான குரலில்.

"ஏய்!" என்றார் பெர்னதத். "நான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்!"

"அவங்களும் அதைத்தான் பண்ணுனாங்க மேடம்."

கறாரான ஆள் என்ற பெயர் அன்றைக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு நாள் தரேன்," என்றார். "பக்கத்தைப் புதுசாச் செய்யுங்க. பன்னெண்டு பேர்கிட்டயும் மறுபடி கேப்போம். வேண்டாம்னா வேண்டாம்தான், யார் விசிலுக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா தண்ணிக்கு ஒரு ஆள் கெடைக்கலேன்னா, இசக்கிராஜ்கிட்ட நீங்கதான் பேசணும்."

மறுநாள் சாயங்காலமே செண்பகம் புதுப் பக்கத்தைப் போட்டு முடித்தாள். சோதித்துப் பார்க்க அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். அவர் திரையைப் பார்த்தார். பெருவிரல் போய் விழுகிற இடத்தில் பெரிதாக, பச்சையாக 'போகிறேன்' என்று ஒரு பொத்தான். அடியில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற சாம்பல் நிறத்தில் 'போகவில்லை'.

அவர் விசிலை எடுத்து ஊதினார். அந்தச் சின்ன அறையில் அது காதைத் துளைத்தது.

"என்ன அண்ணாச்சி!"

"இது என்ன ஆட்டம் தாயி? ஒரு டீமுக்கு கோல் போஸ்ட்டு இம்மாம் பெருசு, இன்னொரு டீமுக்கு எலிப்பொந்து மாதிரி! ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும்."

செண்பகம் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். இத்தனை பட்ட பிறகும் கை பழைய பழக்கத்திலேயே வரைந்திருந்தது. யாருக்கு எது வேண்டும் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் தனக்கு வேண்டியதை நோக்கி ஆட்களை நைசாகத் தள்ளிவிட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு பொத்தானையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், எழுத்து எடுப்பாகத் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப ஒருத்தன் கை தவறி அமுக்கிட்டாம்னு வையி," என்றார் அண்ணாச்சி. "என்ன பண்ணுவான்?"

"அமுக்கினா அமுக்கினதுதான்."

"நான் விசில் ஊதி கோல் குடுத்த பெறவும் ரிவியூ கேக்கலாம் தாயி. வீடியோ பாத்து, நான் ஊதினது தப்புன்னா நானே மாத்திச் சொல்லுதேன். பத்தாயிரம் பேரு முன்னால எனக்கு வராத வெக்கம் உன் பக்கத்துக்கு என்ன?"

அதனால் 'மாற்றிக்கொள்கிறேன்' என்று மூன்றாவது பொத்தான் வந்தது. ராக்கெட்டின் கதவு சாத்துகிறவரை அது இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு அண்ணாச்சியின் கண், மூலையிலிருந்த 'வெளியேறு' என்ற சொல்லில் விழுந்தது. "வீட்டுக்கு வந்தவகள வெளிய போன்னா சொல்லுவ?" என்றார். அதைப் 'போய் வருகிறேன்' என்று மாற்றினாள். எல்லாவற்றுக்கும் முதலில் 'பதில் சொல்கிறவர் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்தாள். போன் யார் பேரில் இருந்தால் என்ன, பதில் சொல்கிறவர் பேர்தானே வேண்டும். பொத்தானே இல்லாத பக்கத்தில் இப்போது நாலு பொத்தான். கண்ணாடிக் கோப்பையைத் தானாகவே எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். மேஜையில் தேநீர் வைக்க இடம் கிடைத்தது.

பதினான்காம் தேதி காலையில் பன்னிரண்டு பேருக்கும் கேள்வி போனது. பெர்னதத் அன்றைக்குச் சொன்ன 'ம்'முக்குக் கட்டுப்பட்டுத் தூத்துக்குடியிலிருந்து வந்து, கடலைமிட்டாயைக் கடித்தபடி செண்பகத்தின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி முதல் ஆளாகப் 'போகவில்லை'யை அழுத்திவிட்டு ஒரு விசில் ஊதினார். ம்க்கும் சொன்னவர் போகவில்லை. மதியத்துக்குள் எட்டுப் பேர் போகவில்லை என்றார்கள், நான்கு பேர் உண்மையாகவே போகிறேன் என்றார்கள். சமையலுக்கு ஆள் இருந்தது, மருத்துவத்துக்கு இருந்தது, மின்சாரத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள். தண்ணீருக்கு ஆள் இல்லை.

அண்ணாச்சிக்கு சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது. "அந்த இசக்கிராஜுக்குப் பிள்ளைக உண்டாம்மா?" என்று பெர்னதத்திடம் கேட்டார். இரண்டு பேர் என்று பதில் வந்ததும் விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போது பேச்சியம்மாள் வந்தாள். மேலத்தெருவுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு நேரே வந்திருந்தாள். வால்வுச் சாவியைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எல்லார்ட்டயும் மறுபடி கேட்டாகளாமே. எனக்கு வரலையே?"

"உங்களுக்கு எதுக்கு மதினி?"

"குரலு என்னுதுதான?"

செண்பகமும் பெர்னதத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செண்பகம் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, முதல் கட்டத்தில் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினாள். கேள்விகளை இரண்டு தடவை படித்தாள். 'போகிறேன்' என்பதை அழுத்தினாள்.

"ஏ பேச்சி!" என்றார் அண்ணாச்சி.

அவள் உடனே 'மாற்றிக்கொள்கிறேன்' என்பதை அழுத்தினாள். அண்ணாச்சிக்கு மூச்சு வந்தது. அவள் ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள். மறுபடி 'போகிறேன்' என்பதை அழுத்தினாள்.

"திரும்பி வர வழி இருக்கான்னு பாத்தேன். இருக்கு. அப்பப் போலாம்."

"ரெண்டு வருஷம், பேச்சி!"

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஊருக்குத் தண்ணி விடுதேன். பத்து நாளைக்கு ஒருக்க வர்ற தண்ணிய முப்பத்தாறு வார்டுக்கும் சண்டை வராமப் பங்கு வச்சிருக்கேன். மேல இருநூத்தி நாப்பது பேருதானாம். நமக்கு அது ஒரு தெரு." அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. "அந்தப் பக்கத்துல குழாய் வரைபடம் ஒண்ணு காமிச்சாக. ஒத்தை வால்வுல மொத்த லைனையும் தொங்க விட்டிருக்காக. பாத்ததுல இருந்து கையி அரிக்கி."

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தீக," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் அழுகிறாரோ என்று செண்பகத்துக்குச் சந்தேகம் வந்தது. உண்மையில் கொஞ்சம் அழத்தான் செய்தார். பிறகு திரும்பினார்.

"ரிவியூ கேக்கலாமா?"

"கேளுங்க."

"போன் எத்தன நாளைக்கு ஒருக்கப் பண்ணுவ?"

"தெனமும்."

"சரி," என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "ம் இல்ல, சரின்னு சொல்லியிருக்கேன். பதிவு பண்ணிக்கோங்க," என்றார். பெர்னதத் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

நிலாவுக்குப் போவது அந்த வருடங்களில் துபாய்க்குப் போவது போல ஆகிவிட்டிருந்தது. ஒரு மணி நேரம் மருத்துவச் சோதனை, மூன்று நாள் பயிற்சி, அவ்வளவுதான். பத்தொன்பதாம் தேதி பேச்சியம்மாள் கிளம்பினாள். எடை அதிகம் என்று வால்வுச் சாவியை மட்டும் அனுமதிக்கவில்லை. அதற்கு அவள் காட்டிய முகத்தைப் பார்த்து அதிகாரிகள் இரண்டு பேர் மன்னிப்புக் கேட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி பைனலில் அண்ணாச்சி ஊதிய விசில்களில் ஒன்றுகூட ரிவியூவில் மாறவில்லை. அதே ராக்கெட் இசக்கிராஜைத் திருப்பி அழைத்துவந்தது. அவர் கோவில்பட்டிக்கே வந்து செண்பகத்தைப் பார்த்துவிட்டுப் போனார், கையில் தன் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த நிலாக் கல்லில் ஒன்றைக் கொடுத்துவிட்டு. அலமாரிக்குள் இருந்த கோப்பைக்கு மேல் அதை அவள் வைத்தாள்.

ஒரு மாதம் கழிந்து ஒரு சாயங்காலம் செண்பகம் மைதானத்துப் பக்கம் போனபோது, அண்ணாச்சி பார்வையாளர் கேலரியின் கீழ்ப்படியில் செல்போனைக் காதில் வைத்து உட்கார்ந்திருந்தார். மறுமுனையில் பேச்சியம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். ஒத்தை வால்வை எடுத்துவிட்டு மூன்றாகப் பிரித்ததை, அதற்கு ஒரு இன்ஜினீயர் மல்லுக்கட்டியதை, கடைசியில் அவரே வந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணாச்சி "ம்," என்றார். அது மேலே போய்ச் சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். அவள் சொல்வது கீழே வரவும் அதே அளவு ஆகும். அதனால் அவருடைய உம் எப்போதும் ஒரு வாக்கியம் தப்பித்தான் விழுந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அரை மணி நேரம் கழித்து, "செம்பகம் வந்திருக்கா, பேசு," என்று போனைக் கொடுத்தார்.

"மதினி, உங்க பதினோரு உம்முதான் இப்ப ஊரெல்லாம் பிரபலம்," என்றாள் செண்பகம். "பக்கம் செய்யப் படிக்கிற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுதேன். பதினொண்ணும் கேக்குறேன்னு அர்த்தம், ஒண்ணுகூடச் சம்மதம் இல்லேன்னு."

சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது. "பத்துதான் தாயி."

"என்ன மதினி?"

"பத்துதான் அவருக்கு. பதினொண்ணாவது சொல்லும்போது அவரு அடுக்களையில தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தாரு. அங்க நானும் உன் பக்கமுந்தான் இருந்தோம்."

செண்பகத்துக்கு டம்ளர் சத்தம் ஞாபகம் வந்தது. நூறு தடவையாவது அந்தப் பதிவைக் கேட்டிருப்பாள். "அப்ப ஏன் மதினி அன்னைக்கே சொல்லல?"

"அது என் குரலான்னுதான நீ கேட்ட. என்ன அர்த்தத்துல சொன்னேன்னு கேக்கலியே. பெறவு பொத்தான் வச்சுக் கேட்ட. சொன்னேன்."

மைதானத்தில் யாரோ பந்தை அடித்த சத்தம் கேட்டது. உம்மில் எத்தனை வகை உண்டு என்று மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தவளுக்கும் வாயில் வந்தது அதில் ஒன்றுதான்.

"ம்," என்றாள்.

இரண்டரை நொடி கழித்து நிலாவிலிருந்து பேச்சியம்மாள் கேட்டாள்: "இது எந்த ம், தாயி?"